வாசகர் கேள்வி: பூட்டிய செய்தியும் பூட்டாத விவரமும்

கேள்வி: செய்திச் செயலிகள் முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும்போது, அரசின் கண்காணிப்பைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: மறையாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது, காப்பது அதன் உள்ளடக்கத்தை மட்டுமே; யாருடன், எப்போது, எத்தனை முறை தொடர்புகொண்டீர்கள் என்னும் விவரங்கள் பெரும்பாலும் அந்தப் பூட்டுக்கு வெளியே நிற்கின்றன. அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் எட்வர்ட் ஸ்னோடென் 2013இல் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை கோடிக்கணக்கான தொலைபேசி அழைப்புகளின் விவரங்களை, உரையாடலை ஒட்டுக்கேட்காமலே, மொத்தமாகத் திரட்டிவந்ததைக் காட்டின. அதை நிறுத்த 2015இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. புற்றுநோய் மருத்துவரையும் அடுத்து வழக்கறிஞரையும் அழைத்தவர் என்ன பேசினார் என்று கேட்டறிய வேண்டியதில்லை; அந்த அழைப்புகளின் விவரமே பலவற்றைச் சொல்லிவிடும். உள்ளடக்கமாவது பூட்டியே இருக்க, உங்கள் செயலி செய்திகளின் நகலை இணையத்தில் சேமித்துவைக்கும் காப்புப் பிரதிக்கும் மறையாக்கம் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.