ப்ளஸ் டூ முடித்தவர்களின் கடைசிக் கோடை: கேள்வி பதில்

ப்ளஸ் டூ தேர்வு மார்ச் மாதத்தில் முடிகிறது. கலந்தாய்வெல்லாம் முடிந்து கல்லூரி திறக்க ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். பன்னிரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிவதற்கு முன் கிடைக்கும் இந்த மாதங்களைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். டெல்டாவில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாம், விளையாட்டுப் போட்டி, சுற்றுலா என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், எண்ணிப் பார்த்து வீடு சேர்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

திருச்சி மாணவர்: சார், நாங்கள் எட்டுப் பேர். ஆளுக்கு 2,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். மூன்று நாள் எங்கே போகலாம்? எல்லோருக்கும் 17 வயது.

தம்பி, ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வயதைப் பார்க்க வேண்டும். 18 வயது நிரம்பிய ஒருவருடைய அடையாள அட்டை இல்லாமல் பெரும்பாலான விடுதிகள் அறை தர மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு எட்டுப் பேர் பையோடு தெருவில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்களில் ஒருவனுடைய அண்ணனையோ சித்தப்பாவையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

ராமேசுவரம் போங்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் போனால் கட்டணம் உங்கள் கைக்குள் அடங்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். அங்கிருந்து பஸ்ஸில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஓர் ஊரே போன இடம் அது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. அரிச்சல்முனைவரை தார்ச்சாலை இருக்கிறது. மணலில் உட்கார்ந்து இருபுறக் கடலையும் பாருங்கள். ஆனால் அங்கே இறங்கிக் குளிக்காதீர்கள். நீரோட்டம் பொல்லாதது. குளிப்பதற்கு அக்னி தீர்த்தக் கரை போதும்.

இன்னொரு வழியும் சொல்கிறேன், எனக்கு அதுதான் பிடிக்கும். எட்டுப் பேரில் மூன்று பேருக்காவது பாட்டி வீடு வேறு ஊரில் இருக்கும். ஆளுக்கொரு நாளாக அந்த வீடுகளுக்குப் போங்கள். அறை வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை. சித்திரை, வைகாசியில் ஏதாவது ஒரு கோயில் திருவிழா நடந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு வருடம் பழகிய நண்பனின் தாத்தா எப்படிப் பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியுமா? திண்ணையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள்.

ஈரோடு மாணவர்: ஆறு பேர், மூன்று பைக். ஊட்டிக்கு இரவோடு இரவாக ஏறலாமா?

கூடாது. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 வருடம்வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஓட்டியவனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை. தூக்கக் கண்ணோடு கொண்டை ஊசி வளைவு ஏறுவது உயிர் போகும் வேலை.

மேட்டுப்பாளையம் வரை ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள். அங்கிருந்து மலை ரயிலில் இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்: 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள்; கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால் மே மாதத்துக்கு மார்ச்சிலேயே பார்க்க வேண்டும். கிடைக்கவில்லையா, அரசு பஸ் இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள் அல்லவா, அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

திருப்பூர் மாணவர்: எங்கள் ஏழு பேரில் ஒருவன் பரீட்சை முடிந்த மறுநாளே பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவனுக்குப் பணமும் இல்லை, விடுப்பும் இல்லை. "நீங்கள் போய் வாருங்கள்" என்கிறான். விட்டுவிட்டுப் போகலாமா?

போகாதீர்கள். "போய் வாருங்கள்" என்பதை அவன் எப்படிச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். என் வகுப்புகளில் வருடத்துக்கு நான்கு பேராவது அப்படிச் சொன்னவர்கள்தான். நானும் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாமல் அதையே சொல்லி வீட்டில் இருந்தவன். திரும்பி வந்தவர்கள் ஒரு மாதம் அதே கதையைப் பேசினார்கள். நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். அது இன்றும் நினைவில் இருக்கிறது.

முதலில் அவனுக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று கேளுங்கள். அதுதான் உங்கள் பயண நாள். மூன்று நாள் ஒரு நாளாகச் சுருங்கினால் சுருங்கட்டும். பணத்துக்கு என் பிள்ளைகள் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். மூடிய உண்டியல் ஒன்றை வகுப்பில் வைத்தார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. 500 போட்டவனும் உண்டு, 20 போட்டவனும் உண்டு. பஸ் டிக்கெட்டிலிருந்து இட்லிவரை அதிலிருந்துதான். யாரும் யாருக்கும் கடன்பட்டதாக நினைக்கவில்லை.

இன்னொன்று. அவன் மேலே படிக்கப் போகிறானா என்று தனியாக விசாரியுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண். வேலைக்குப் போகிறவனுக்கு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க நேரம் இருக்காது. என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்து, அவன் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்ற அளவுக்கு மற்றவர்கள் முடித்து வையுங்கள்.

சேலம் மாணவி: எந்தப் பாடப்பிரிவு எடுத்தால் வேலை கிடைக்கும், ஐயா?

இது என் துறை இல்லை, அம்மா. உன் பாட ஆசிரியர்களிடமும் அந்தப் படிப்பை இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களிடமும் கேள்.

மதுரையிலிருந்து ஒரு தாய்: மகளும் நான்கு தோழிகளும் கொடைக்கானல் போகக் கேட்கிறார்கள். அனுப்ப பயமாக இருக்கிறது. மகன் அந்த வயதில் போனான், அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வாக்கியத்தில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள், அம்மா. இன்னும் இரண்டு மாதத்தில் வேறு ஊர் விடுதியில் தனியாக இருக்கப் போகிற பெண். ஐந்து பேரும் காலை முதல் பஸ்ஸில் ஏறி, இருட்டுவதற்குள் மலையிறங்கட்டும். நண்பகலில் ஒரு போன், கிளம்பும்போது ஒரு போன் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்தால் அவள் எடுக்காமல் விட்டுவிடுவாள், நீங்கள் பதறுவீர்கள். குணா குகைப் பக்கம் வேலியைத் தாண்டிப் படம் எடுக்க வேண்டாம் என்று மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

கோவில்பட்டி மாணவர்: மே மாதம் குற்றாலத்தில் தண்ணீர் இருக்குமா?

சாரல் ஜூனில்தான் தொடங்கும். மே மாதம் கோடை மழை பெய்தால் விழும், ஆனால் அதை நம்பவே கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போனான். உங்கள் வயது. மேலே மலையில் பெய்யும் மழை கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. அருவி நிறம் மாறினால், இரைச்சல் கூடினால், சோப்பையும் துண்டையும் விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

தஞ்சாவூர் மாணவர்: கொள்ளிடத்தில் குளிக்கலாமா? எங்களுக்கு நன்றாக நீச்சல் தெரியும்.

வேண்டாம்.

கரூர் மாணவர்: காவிரியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடுகிறது. அதில் இறங்கினால் என்ன?

அதில்தான் இறங்கவே கூடாது. காரணம் கீழே வருகிறது.

திருவையாற்று வாசகர்: வாத்தியார் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு 62 வயது. ஐந்து வயதில் காவிரியில் குதித்தவன். ஐந்து படித்துறையிலும் எங்களைப் பார்த்து யாரும் "வேண்டாம்" என்று சொன்னதில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஆற்றங்கரைப் பிள்ளைகள் ஆற்றைப் பார்த்து நடுங்குவார்கள்.

கோபம் இல்லை. நானும் ஆற்றில் வளர்ந்தவன்தான். ஆனால் நீங்களும் நானும் குதித்த ஆறு இப்போது இல்லை. அந்த ஆற்றுக்கு ஒரு தரை இருந்தது. படித்துறையிலிருந்து எத்தனை அடி போனால் கழுத்தளவு என்று அம்மாவுக்குக்கூடத் தெரியும். மணல் அள்ளிய பிறகு அந்தக் கணக்கு போய்விட்டது. மேலே கணுக்கால் தண்ணீர், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம். பள்ளத்தின் ஓரம் ஈர மணல். காலை ஊன்றி ஏறப் பார்த்தால் சரிந்து உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவன் தனியாக இருந்தால் ஒருவேளை வெளியே வருவான். ஆனால் நண்பர்கள் தனியாகவா போகிறார்கள்? ஒருவன் சறுக்குகிறான், பக்கத்தில் இருப்பவன் கை கொடுக்கிறான், சறுக்கியவன் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், மூன்றாமவன் குதிக்கிறான். ஒரே வகுப்பில் மூன்று வீட்டில் ஒரே நாளில் சாவு விழுவது இப்படித்தான். நான் பாடம் எடுத்த இரண்டு பிள்ளைகளை அப்படி ஒரு மே மாதத்தில் கரையில் கிடத்திப் பார்த்தேன். இரண்டாவதாகப் போனவன் மாவட்ட அளவில் நீச்சலில் பரிசு வாங்கியவன்.

தண்ணீர் வரும் நேரமும் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். காய்ந்த ஆற்றில் கிரிக்கெட் விளையாடுகிறவர்கள் இதையெல்லாம் விசாரிப்பதில்லை.

பவானி வாசகி, செவிலியர்: சார் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். தண்ணீரிலிருந்து எடுத்தவரைத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. அதில் போகும் நிமிடங்களில் உயிரே போய்விடுகிறது.

மிகச் சரி, அம்மா. பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு மறக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒருவன் 108ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். காப்பாற்றப் போகிறவன் தண்ணீரில் குதிக்கக் கூடாது. வேட்டி, துப்பட்டா, கயிறு, மூங்கில், காலி தண்ணீர் கேன், எது கிடைத்தாலும் கரையிலிருந்து எறியுங்கள்.

திருவையாற்று வாசகர்: மணல் பள்ளம் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை போனது. அப்படியானால் இந்தத் தலைமுறை நீச்சலே கற்க வேண்டாமா?

கற்க வேண்டும், ஐயா! அதற்கு இந்தக் கோடையைவிட நல்ல நேரம் கிடையாது. ஆற்றில் வேண்டாம் என்றேன், தண்ணீரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாவட்டத் தலைநகர்கள் பலவற்றில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம் இருக்கிறது. கோடையில் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். கிராமத்தில் இடுப்பளவு பம்புசெட் தொட்டி இருக்கிறது. நம் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தானே கற்றோம்? அப்படிக் கற்றுத்தர உங்களைப் போன்றவர்கள் வேண்டும். உங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேரை இந்த மே மாதம் நீங்கள் கற்றுக்கொடுத்துக் கரையேற்றினால், இவ்வளவு நேரம் நாம் வாதாடியது வீண் போகாது.

நாமக்கல் மாணவர்: சார், மோகனூர் பக்கம் ஆற்றில் ஆழம் எப்படி?

மேலே காவிரியைப் பற்றிச் சொன்னதைப் படி, தம்பி. இறங்காதே.

சிதம்பரம் மாணவி: பிச்சாவரம் படகு?

உயிர்காப்பு உடையைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள், கரைக்கு வந்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

தேனி மாணவர்: வழிகாட்டி இல்லாமல் மலையேறலாமா?

உங்கள் மாவட்டத்துக்காரன் இதைக் கேட்கலாமா? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வனத்துறை அனுமதித்த பாதையில், அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு மட்டும் போங்கள்.

விருதுநகர் மாணவி: ஐந்து தோழிகளில் ஒருத்தி நீட் தேர்வில் எதிர்பார்த்தபடி எழுதவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எங்கே கூப்பிட்டாலும் வரவில்லை.

அவளை எங்கேயும் கூப்பிடாதீர்கள், நீங்கள் போங்கள். மாலையில் அவள் வீட்டு மொட்டை மாடிக்குப் போய் உட்காருங்கள். மதிப்பெண், கட்-ஆஃப், யாருக்கு எந்தக் கல்லூரி என்ற பேச்சு வேண்டாம். முதல் நாள் மேலே வராமல் இருக்கலாம். மறுநாளும் போங்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்திருக்கிறதா, வாழ்ந்து என்ன பயன் என்பது போலப் பேசுகிறாளா என்று கவனியுங்கள். அப்படி ஏதாவது காதில் விழுந்தால் "யாரிடமும் சொல்லாதே" என்று அவள் சத்தியம் வாங்கினாலும் அன்றைக்கே அவள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். 104 என்ற அரசு உதவி எண்ணில் ஆலோசகர் பேசுவார்.

திருப்பூர் மாணவர்: சார், அவனிடம் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. உண்டியல் வாங்கியாகிவிட்டது. பவானி கூடுதுறை போகலாம் என்று நான்கு பேர் சொல்கிறார்கள்.

நல்லது. நான்கு பேர் சொல்வது இருக்கட்டும். அவனுக்கு எந்த ஊர் பார்க்க ஆசை என்று கேட்டீர்களா? அதைக் கேட்டுவிட்டு எழுது. கூடுதுறை என்றே அவனும் சொன்னால், படித்துறைத் தடுப்புக்குள் நின்று முங்கி எழுந்து, கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏழு பேர் போகிறீர்கள். பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவன் எண்ணட்டும்.