மூன்றாவது பத்தியில் ஒரு காலி இடம்

கேள்வி: எங்கள் தந்தை நாட்டின் அரசர். நான்கு மாதமாகப் படுத்த படுக்கை. வலது பக்கம் முழுக்க வாதத்தில் விழுந்துவிட்டது. போன அமாவாசை இரவு மரண தேவன் நேரில் வந்து, கால்மாட்டில் உட்கார்ந்து, மிக மரியாதையாகப் பேசினார். அப்பாவுக்கு இன்னும் 20 ஆண்டு ஆயுள் தருகிறாராம். ஈடாக அரச குலத்திலிருந்து ஓர் உயிர் வேண்டுமாம். யாருடையது என்று கேட்டதற்கு, ‘அதற்கு இப்போது அவசரமில்லை’ என்றார். பத்திரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த அமாவாசைக்குள் அப்பா ஒப்பமிட வேண்டும். வாரிசு என்ற முறையில் நானும் ‘சம்மதித்து’ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் தயங்குவதால், அரியணைக்கு ஆசைப்பட்டு அப்பாவைச் சாகவிடுகிறேன் என்று சித்தி அரண்மனை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தப்பா வாயே திறப்பதில்லை. தேவனைச் சங்கிலியால் கட்டிவிடலாம் என்கிறார் படைத்தலைவர். சாவித்திரி எமனிடம் வாதாடி ஜெயிக்கவில்லையா என்று கேட்கிறார் ராஜகுரு. அப்பா என்றால் எனக்கு உயிர். என்ன செய்யட்டும்?

— பட்டத்து இளவரசி (பெயரும் நாடும் வேண்டாம்)

பதில்: ஆறு பக்கக் கடிதத்தில் ஐந்தரைப் பக்கம் சித்தியைப் பற்றி. அவர்மேல் அவதூறு வழக்குப் போடலாமா என்பதைப் பிறகு பார்க்கலாம். அது ஆறும் காயம். எனக்கு வேண்டியது நீங்கள் இணைத்திருந்த பத்திர நகலின் மூன்றாவது பத்தி மட்டும்: ‘அரச குலத்தைச் சேர்ந்த ............ என்பவரின் உயிர்’. அந்தப் புள்ளிக்கோட்டில் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் பிரச்சினை அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ச் சட்டம் உங்கள் நாட்டில் செல்லாது. ஆனால் எனக்குத் தெரிந்தது அதுதான், வெற்றுப் பத்திரத்தின் குணமும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். இங்கே காசோலை, புரோநோட்டு போன்றவற்றுக்கான 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 20-வது பிரிவு என்று ஒன்று உண்டு. முத்திரைத்தாளில் கையெழுத்தை மட்டும் போட்டு, மற்றதை நிரப்பாமல் ஒருவர் கையில் கொடுத்தால், நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். காசோலையை நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் பொறுப்பிலிருந்து எளிதில் தப்ப முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புரோநோட்டில் தொகையை எழுதாமல் கந்துவட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்களை வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: ‘நல்ல மனுஷன் சார், அவசரமில்லைன்னு சொன்னார்.’

சரி, அப்படிப்பட்ட ஒப்பந்தமே செல்லாதே என்பீர்கள். செல்லாதுதான். ஓர் உயிரை விலையாக வைத்த எந்த ஒப்பந்தமும் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவில் அடிபட்டுப் போகும். வழக்குப் போட்டால் நீங்கள் ஜெயிப்பீர்கள். ஆனால் எதிர்த்தரப்பு வழக்குப் போட வருகிறவர் இல்லை. அவரே கடன் கொடுத்தவர், அவரே ஜப்தி செய்ய வரும் அமீனா. செல்லாது என்ற தீர்ப்பு நகல் உங்கள் கையில் இருக்கும், உயிர் அவர் கையில் இருக்கும்.

மிரட்டி வாங்கினார் என்று சொல்லலாமா? 1917-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தற்கொலை செய்துகொள்வேன் என்று பயமுறுத்தியே மனைவியிடமும் மகனிடமும் ஒருவர் விடுதலைப் பத்திரம், அதாவது சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதி வாங்கியிருந்தார். அது மிரட்டல்தான் என்று தீர்ப்பானது. ஆனால் மரண தேவன் தன் வேலையைச் செய்யப்போவதாகத்தானே சொன்னார்? அதைக் குற்றம் என்று சொல்ல எந்தச் சட்டப் புத்தகமும் இல்லை. நோயாளியின் பலவீனத்தைப் பயன்படுத்தினார் என்பது இதைவிட நல்ல வாதம், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. கொடுத்து என்ன பயன்? ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்பவர் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் அப்பா பெற்ற பயன் ஆயுள். எந்த மகள் அந்த மனுவில் கையெழுத்துப் போடுவாள்?

இதெல்லாம் குடிமக்களுக்கும் பொருந்தும். அரச குடும்பம் ஏன் இன்னும் பயப்பட வேண்டும் என்றால், சாதாரண வீட்டில் காலியிடத்தில் ஒரு பெயர் விழுந்தால் ஒரு துக்கம். உங்கள் வீட்டில் அதே பெயர் விழுந்தால் பட்டம் கைமாறும். நாளைக்கு உங்கள் பெயரை எழுதினால் அடுத்து யார்? உங்கள் தம்பி பெயரை எழுதினால்? வாரிசை முடிவு செய்யும் பேனாவை வெளியாள் ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். சித்தப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள், பதில் இதிலேயே இருக்கிறது.

இன்னொன்று. தம்பி மனைவி ஆறு மாதம் என்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ‘அரச குலம்’ என்பதற்கு இந்தப் பத்திரத்தில் விளக்கம் இல்லை. பிறந்தவரா, பிறக்கப்போகிறவரா, மருமகளாக வந்தவரா, சுவீகாரமா? எதுவும் இல்லை. ‘இப்போது அவசரமில்லை’ என்றாரே, எதற்காகக் காத்திருக்கிறார் என்று உங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையா?

கிரேக்கப் புராணத்தில் வரும் அட்மீட்டஸ் விஷயத்தைப் படித்துப் பாருங்கள். தெசலி நாட்டில் ஃபெரே என்ற ஊரின் அரசர். அப்பல்லோ தேவனே ஒரு காலத்தில் அவருடைய மாடுகளை மேய்த்தவன்; அந்த நன்றிக்காக விதித் தேவதைகளிடம் பேசி ஒரு சலுகை வாங்கித் தந்தான். சாகும் நாளில் வேறு யாராவது மனமுவந்து முன்வந்தால் அரசர் பிழைத்துக்கொள்ளலாம். உங்கள் பத்திரத்தைவிட நல்ல ஷரத்து அது, ‘மனமுவந்து’ என்றாவது இருந்தது. பெயர் மட்டும் காலி. பெற்றவர்கள் இருவரும் வயதானவர்கள், அவர்களில் ஒருவர் வருவார் என்று அரசர் நம்பினார். மறுத்துவிட்டார்கள். கடைசியில் முன்வந்தவள் மனைவி ஆல்செஸ்டிஸ். அயோல்கஸ் அரசன் மகள், அந்தக் குலத்துக்கு வாழ வந்தவள். கி.மு. 438-ல் ஏதென்ஸ் மேடையில் இதை நாடகமாகப் போட்டார்கள். அதில் அப்பாவும் மகனும் பிணத்தின் முன்னாலேயே நீ கோழை, நான் கோழை என்று சண்டை போடுகிறார்கள். இந்தத் தொழிலில் அந்தக் காட்சியை நான் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் பார்த்திருக்கிறேன், பாகப்பிரிவினைக்காக. மாவீரன் ஹெராக்ளிஸ் விருந்தாளியாக வந்த இடத்தில் விஷயம் தெரிந்து, கல்லறையில் மரண தேவனோடு மல்லுக்கட்டி அவளை மீட்டுவந்தான். அதை முன்னுதாரணமாகக் கொண்டு நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல முடியாது. உங்கள் அரண்மனைக்கு அன்று யார் விருந்துக்கு வருவார்கள் என்று உங்களுக்கே தெரியாது.

ராஜகுருவின் சாவித்திரிக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வழக்கைத்தான் காட்டுகிறார்கள், முழுதாகப் படித்தவர் குறைவு. மகாபாரதத்தில் அவள் பெற்றது ஐந்து வரம். மாமனாருக்குக் கண், மாமனாருக்கு நாடு, தன் தந்தை அசுவபதிக்கு நூறு மகன்கள், சத்தியவான் மூலம் தனக்கு நூறு மகன்கள். இந்த நான்கிலும் ‘சத்தியவானின் உயிர் தவிர’ என்று விலக்குப் போட்டே எமன் கொடுத்தார். ஐந்தாவதில் விலக்கைப் போடவில்லை, அவள் பிடித்துக்கொண்டாள். சாமர்த்தியம்தான். ஆனால் ராஜகுரு கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவள் பதிலுக்கு எதுவும் தருவதாகச் சொல்லவே இல்லை. ஒரு முடியைக்கூட ஈடு வைக்கவில்லை. கூடவே நடந்தாள், நல்ல வார்த்தை பேசினாள், கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். ஐந்து வரத்திலும் கட்டுப்பட்டவர் எமன் ஒருவர்தான். உங்கள் பத்திரத்தில் கட்டுப்படுவது நீங்கள். இரண்டும் ஒன்று என்று சொல்கிற ராஜகுருவுக்கு வேதம் தெரிந்திருக்கலாம், ஷரத்துப் படிக்கத் தெரியவில்லை.

படைத்தலைவரின் சங்கிலி யோசனைக்கு ஒரு வரி போதும். கொரிந்து அரசன் சிசிஃபஸ் அதைச் செய்தான், உலகத்தில் யாருக்கும் சாவு வரவில்லை, போர்த் தேவன் ஏரிஸே வந்து அவிழ்த்துவிட்டான், சிசிஃபஸ் தண்டனையாகப் பாதாளத்தில் ஒரு பாறையை இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த 20 ஆண்டையும் கொஞ்சம் பாருங்கள். ஆயுள் என்று மட்டும் இருக்கிறது, ஆரோக்கியம் என்று இல்லை. டிராய் இளவரசன் டித்தோனஸுக்கு வைகறைத் தேவி சாகாவரம் கேட்டு வாங்கினாள், இளமையைக் கேட்க மறந்தாள். கை கால் அசைக்க முடியாத கிழவனாக அவனை ஓர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. உங்கள் அப்பாவுக்கு வலது கை எழாது. அரசர் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்குப் பட்டம் கிடையாது. முத்திரை மோதிரம் 20 ஆண்டுக்கு யார் விரலில் இருக்கும்? சித்தி எதற்காக இந்தப் பத்திரத்துக்கு இவ்வளவு வாதாடுகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் ஆலோசனை சமாதானம். பத்திரத்தைத் திருத்திக் கேட்காதீர்கள். காலியிடத்தில் ஏதோ ஒரு தூரத்து உறவின் பெயரை எழுதலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் அது கொலை, அந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன். கையெழுத்திடாத பத்திரத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈடு எதுவும் சொல்லாமல், ஏழு நாள் அவகாசம் மட்டும் தயவாகக் கேளுங்கள். சாவித்திரி கேட்ட முறையில், கொடுத்தால் வாங்கிக்கொள்வது என்ற அளவில். அந்த ஏழு நாளுக்குள் அப்பா வாயால் உங்கள் பட்டத்தை அறிவிக்கச் செய்யுங்கள். உயிலை, முத்திரை மோதிரத்தை, கருவூலச் சாவியை முடித்துக்கொள்ளுங்கள். பிறகு அப்பாவை அனுப்பிவையுங்கள். கல்நெஞ்சுக்காரன் என்று திட்டுவீர்கள், பரவாயில்லை.

சாட்சிக் கையெழுத்துதானே என்று மட்டும் இளகிவிடாதீர்கள். வெறும் சாட்சி என்றால் உள்ளே எழுதியிருப்பது சாட்சியைக் கட்டாது. ‘சம்மதித்து’ என்ற சொல் பக்கத்தில் விழுந்தால் கட்டும். அந்தச் சொல்லை எதிர்த்தரப்பு சும்மா போடவில்லை.

கடைசியாக, ‘அப்பா என்றால் எனக்கு உயிர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மரண தேவன் மறுபடி வரும்போது இதை அவர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். காலியிடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.