தூசியைத் துடைக்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: மறைந்த என் பெரியப்பாவின் கிடங்கில், தார்ப்பாய் போர்த்திய நிலையில் இரண்டு இருக்கைகள் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. முப்பது ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை. அபூர்வமான வண்டி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். புது பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, பெயின்ட் அடித்துப் புதுப்பிக்கலாமா?

பதில்: இரண்டையுமே இப்போது செய்யாதீர்கள். பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால், நல்ல இன்ஜின் பாழாவதற்கு அந்த ஒரு நிமிடமே போதும். நெடுங்காலம் நின்ற வண்டியில் சிலிண்டர் சுவர்களில் படிந்திருந்த ஆயில் வழிந்து இறங்கியிருக்கும். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டியிருக்கலாம். டேங்கில் மிஞ்சிய பெட்ரோல் பிசினாக இறுகி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் ரிங் உடையும், சிலிண்டரில் கீறல் விழும். எலி கடித்த வயரில் மின்சாரம் பாய்ந்தால் வண்டியே தீப்பற்றக்கூடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது ஆயில் விட்டு, சில நாள்கள் ஊறவைத்த பிறகு, இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் ஸ்பேனரைப் பொருத்திக் கையாலேயே மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்காவது தடைபட்டால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

அதற்கும் முன்னால், வண்டியை இருக்கும் இடத்திலேயே, இருக்கும் தூசியோடு எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சேஸிஸ் (அடிச்சட்டகம்) எண், இன்ஜின் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் பூட்டிய அதே இன்ஜின்தானா என்பதைப் பொறுத்து மதிப்பு பெரிதும் மாறும். டேஷ்போர்டு அறையிலும் இருக்கைகளுக்கு அடியிலும் கிடைக்கும் பழைய சர்வீஸ் ரசீது, மங்கிய பதிவுச் சான்று எதையும் குப்பையென்று வீசிவிடாதீர்கள். வாரிசுரிமைக்கான ஆவணங்களையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

பெயின்ட் விஷயத்தில் என் கருத்து இன்னும் கறாரானது. 2014-இல் மேற்குப் பிரான்சில், கைவிடப்பட்ட பழைய கார்களின் பெருந்தொகுப்பு ஒன்று வெளிப்பட்டது. அதில், நடிகர் அலன் டெலோன் ஒருகாலத்தில் வைத்திருந்த 1961-ஆம் ஆண்டு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. அதைப் புதுப்பிக்காமல், தூசியும் மங்கலுமாகவே 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் விட்டார்கள், சுமார் 1.63 கோடி யூரோவுக்குப் போயிற்று. இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் சுமார் அரை நூற்றாண்டு ஒரு கராஜுக்குள் நின்றிருந்த 1937-ஆம் ஆண்டு புகாட்டி 57எஸ் அட்டலான்ட்டேயும் இப்படித்தான், 2009-இல் 34 லட்சம் யூரோவைத் தொட்டது. முதல் உரிமையாளர் பந்தய ஓட்டுநர் ஏர்ல் ஹௌ என்ற வரலாறும் அதற்கு மதிப்புச் சேர்த்தது. தொழிற்சாலை பூசிய பெயின்ட்டையும், அன்று தைத்த தோல் உறையையும் உரித்துவிட்டால், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அவை திரும்பக் கிடைக்காது. சட்டகத்தையே துரு தின்றிருந்தால் மட்டுமே முழுச் சீரமைப்பைப் பற்றி யோசிக்கலாம்.

வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால், பிரேக் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, சக்கரங்கள் தாராளமாகச் சுழன்றால் மட்டும் தள்ளுங்கள். ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்தி, பருத்தித் துணியால் மூடுங்கள். தார்ப்பாய் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உங்கள் வண்டியின் அதே தயாரிப்பில் பல ஆண்டுகள் கைவைத்துப் பழகிய மெக்கானிக்கை முதலில் வரவழைத்துக் காட்டுங்கள். அதுவரை வாங்க வருபவர்களிடம் விலை பேச வேண்டாம்.