மல்லிகை ஏன் சாம்பலாக வருகிறது?

பங்குனி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி பூக்களைப் பற்றித்தான். வேம்பு, மல்லிகை, கொன்றை, புங்கம் எல்லாம் அடுத்தடுத்துப் பூக்கிற நேரம். வீட்டிலேயே படம் எடுப்பவர்கள் கேட்டவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

மொட்டை மாடித் தொட்டியில் குண்டுமல்லி பளிச்சென்று இருக்கிறது. போனில் எடுத்தால் ஒரு படத்தில் சாம்பல் நிறம், இன்னொன்றில் இதழே தெரியாத வெள்ளைத் திட்டு. போனில் கோளாறா?

கோளாறு இல்லை. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. படம் முழுக்கப் பூவே இருந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும், மல்லிகை சாம்பலாகிவிடும். சுற்றிலும் கரும்பச்சை இலை இருந்தால் 'இருட்டு' என்று கூட்டிவிடும். இதழ் மடிப்பெல்லாம் கரைந்துபோகும். திரையில் பூவைத் தொடுங்கள். பல போன்களில் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். பூ நிறைந்த படத்துக்கு அதைச் சற்று மேலே நகர்த்துங்கள், இலைக்கு நடுவே உள்ள பூவுக்குக் கீழே. சந்தேகமாக இருந்தால் குறைத்தே எடுங்கள். இருண்ட படத்தைப் பிறகு தேற்றிவிடலாம், வெளுத்துப்போன இதழை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

அப்புறம், காலையில் நீங்கள் பறிப்பது மொட்டு. மல்லிகை மலர்வது மாலைக்கு மேல்தான். சூரியன் மறைந்த பிறகு ஒரு கால் மணி நேரம் நிழலே விழாத வெளிச்சம் இருக்கும். வெள்ளைப் பூவுக்கு அதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியாது.

காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. எப்போதுதான் எடுப்பது?

சித்திரையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. நம் ஊரில் அது சாய்ந்து ஏறாமல் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும், மணிக்கு 15 டிகிரி கணக்கில். குளிர்நாடுகளில் நெடுநேரம் நிற்கும் இளவெயில் இங்கே ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது. சித்திரை இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் எடுத்தால் மேல் இதழ் வெளுக்கும், கீழே கரிய நிழல் விழும்.

ஆறு மணிக்கு எழ முடியாதா? சரி, ஒரு வெள்ளை வேட்டியை எடுங்கள். ஒற்றையாக விரித்து, பூவுக்கும் சூரியனுக்கும் நடுவே வீட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நிழலின் ஓரம் அப்படியே கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான் பல வருடமாக அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியைத்தான் வைத்திருக்கிறேன். கலர்த் துணி வேண்டாம், அந்த நிறம் பூவில் ஏறிவிடும். மாடியில் பச்சை நிழல்வலை கட்டியிருப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். தொட்டியைத் தூக்க முடிந்தால் வலைக்கு வெளியே சுவர் நிழலில் வைத்து எடுங்கள்.

செம்பருத்தி வெறும் சிவப்புக் கறையாகத் தெரிகிறது.

கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரில் சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடுகிறது. மொத்த வெளிச்சம் சரியாகத் தெரிந்தாலும் இதழின் நரம்புகள் போய்விடும். வெளிச்சத்தை நன்றாகக் குறையுங்கள், நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' அமைப்பை அணைத்துவிடுங்கள். நடுவில் நீளும் தண்டின் நுனியில் வெல்வெட் போல ஐந்து சிறு உருண்டைகள் இருக்கும். அதில் ஃபோகஸ் வையுங்கள். அநேகமாக ஒரே நாள் பூ, மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

வேப்பம்பூவுக்குப் பக்கத்தில் போனால் படம் மங்குகிறது.

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குறைந்தபட்சத் தூரம் உண்டு. அதைத் தாண்டி நெருங்கினால் எது செய்தாலும் மங்கல்தான். கொஞ்சம் பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ வசதி இருந்தால் சில சென்டிமீட்டர் வரை போகலாம், ஆனால் போனின் நிழல் பூவில் விழாமல் பாருங்கள். வேப்பம்பூ அரை சென்டிமீட்டர் நீளம்தான். ஐந்து வெள்ளை இதழ், நடுவே ஒரு சின்னக் குழல், அதன் உள்விளிம்பில் பத்து மகரந்தப் பைகள். இவ்வளவு நெருக்கத்தில் ஓரிரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக வரும். அதனால் போனைப் பூவின் முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். கிளை ஆடினால் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, துணி காயப்போடும் கிளிப்பால் காம்பைப் பிடித்து வையுங்கள்.

தண்ணீர் தெளித்து எடுக்கலாமா?

விடியற்காலையில் வெறும் தண்ணீரைத் தெளிக்கலாம். கிளிசரின் கலப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. பிசுபிசுப்பு பூவிலேயே தங்கிவிடும், தேனீ வந்து உட்காரும் இடம் அது. மாம்பூவில் தண்ணீர்கூட வேண்டாம், மகரந்தம் நனைந்து வீணாகும்.

சரக்கொன்றையை அண்ணாந்து எடுத்தால் வானம் வெளுத்து, பூ கறுத்துவிடுகிறது.

ஏழு மணிவாக்கில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். மஞ்சளுக்குப் பின்னால் நீலம் வரும். தாழ்ந்த சரம் ஒன்று கிடைத்தால் ஒரே ஒரு பூவைக் கவனியுங்கள். பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து மேலே நிமிர்ந்திருக்கும். வாசலில் உதிர்ந்து கிடப்பவற்றைப் பெருக்குவதற்கு முன்னால் அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.