கருந்துளையைச் சுண்டிப் பார்ப்பது

கேள்வி: ஈர்ப்பு அலைகளை வைத்துக் கருந்துளை, நியூட்ரான் விண்மீன் பற்றி அப்படி என்னதான் தெரிந்துகொண்டார்கள்?

எங்கள் ஆச்சி காருகுறிச்சியில் பானை வாங்கும்போது கண்ணை நம்பமாட்டாள். விரலை மடக்கி ஒரு சுண்டு. கணீரென்று கேட்டால் பானை வீட்டுக்கு வரும். சத்தம் செத்திருந்தால் எங்கோ விரிசல், எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுவாள்.

கருந்துளையிலிருந்து ஒளியே வராது, கண்ணுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சுற்றி நெருங்கி மோதினால் விண்வெளியே அதிர்கிறது. அந்த அதிர்வுதான் ஈர்ப்பு அலை. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் ஈர்ப்பு அலையை உணரும் லைகோ கருவிகள் முதன்முதலில் பிடித்தது அதைத்தான். அலையைச் சத்தமாக மாற்றிக் கேட்டால், ஐந்தில் ஒரு நொடிச் சத்தம், அவ்வளவே. சுருதி ஏறிய வேகத்திலிருந்து எடை கிடைத்தது: ஒன்று சுமார் 36 சூரியன், மற்றது 29. சேர்ந்து பிறந்தது 62. கூட்டிப் பாருங்கள், மூன்று குறையும். அந்த மூன்று சூரிய எடையும் அலையாகவே போய்விட்டது!

பிறந்த கருந்துளை, சுண்டிய பானை போலக் கொஞ்சம் அதிர்ந்து அடங்கும். என்ன சுருதி, எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதெல்லாம் அதன் எடையையும் சுழற்சியையும் பொறுத்தது. நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களைத் தட்டிக் கேட்டவர்களுக்கு இது புரியும். 2025 ஜனவரியில் மிகத் தெளிவான ஒரு மோதல் பதிவானது. மோதும் முன் இரண்டு கருந்துளைகளின் மொத்த மேற்பரப்பு சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். சேர்ந்த பின் 4,00,000. ஏறக்குறைய இரண்டு தமிழ்நாடு மூன்றானது. இந்தப் பரப்பு ஒருநாளும் குறையாது என்று இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1971இல் சொன்னது சரியாக வந்தது.

சரி, நியூட்ரான் விண்மீன். பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த கரு அது. 2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படி இரண்டு மோதிய சத்தம் 100 நொடி வரை கேட்டது, முடிந்து 1.7 நொடியில் ஒளியின் ஒரு வகையான காமாக் கதிரும் வந்து சேர்ந்தது. 13 கோடி ஆண்டு ஓடிவந்த பந்தயத்தில் இடைவெளி அவ்வளவுதான் என்றால், ஈர்ப்பு அலை ஒளியின் வேகத்தில்தான் போகிறது. மோதும் முன் அவை ஒன்றையொன்று இழுத்துப் பெரிதாக நசுங்கவில்லை. அதனால் ஆரம் 12 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும் என்று கணித்தார்கள். பாளையங்கோட்டையும் திருநெல்வேலி டவுனும் அடங்கிவிடும் உருண்டை, எடையோ சூரியனைவிட அதிகம்!

அப்புறம் தொலைநோக்கிகளைத் திருப்பிப் பார்த்தபோது, சிதறியதில் கனமான தனிமங்கள் உருவான அடையாளம் தெரிந்தது. தங்கம் பிறக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. ஆச்சி காதில் தொங்கிய பாம்படத்தில்கூட அப்படி வந்த பொன் இருந்திருக்கலாம்.

ஆனால் அந்த மோதலுக்குப் பின் மிஞ்சியது எது என்று மட்டும் சுண்டிக் கேட்க முடியவில்லை. அந்த அதிர்வின் சுருதி, கருவிகளுக்கு எட்டாத உயரம்.