மனநலம் – கேள்வி பதில்: அண்ணனுக்கு 19-இல், தங்கைக்கு 28-இல்

இந்த இதழுக்குச் சுங்கை சிப்புட் தோட்டப் பகுதியிலிருந்து மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன.

கேள்வி: மகனுக்கு 19 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. யாரோடும் பேசாமல் மூலையிலேயே உட்கார்ந்திருப்பான். இப்போது 28 வயது மகளுக்கும் காதில் குரல் கேட்கிறதாம். ஆனால் அவள் அழுகிறாள், ஓயாமல் பேசுகிறாள். இரண்டும் ஒரே நோயா?

பதில்: ஒரே நோயாக இருக்கலாம் அம்மா. ஆண்களுக்குப் பெரும்பாலும் 18-லிருந்து 25 வயதுக்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகச் சில ஆண்டுகள் பிந்தி வரும்; மாதவிலக்கு நிற்கும் வயதையொட்டி, 45-க்கு மேல், சிலருக்குப் புதிதாகவும் தொடங்கும். ஒதுங்கிப் போவதும் முகம் உணர்ச்சியற்றுப் போவதும் ஆண்களிடம் அதிகம். பெண்களிடம் அழுகையும் மனச்சோர்வும் கலந்து வரும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கும் காலத்தில் அது மூளைக்கு ஓரளவு காப்பாக இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்தச் சுரப்பு இறங்கும் நாட்களில், அதாவது மாதவிலக்குக்கு முன்பும் பிரசவத்துக்குப் பின்பும், சிலருக்குக் குரல்கள் கூடும். மகளின் மாதவிலக்குத் தேதியையும் குரல் அதிகமான நாட்களையும் மூன்று மாதத்துக்கு நாள்காட்டியில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாற்றம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ திடீரென்று வந்து, கூடவே காய்ச்சல், வலிப்பு, வாய் கோணிக்கோணி அசைதல், பேச்சு நின்றுபோதல் இருந்தால், அது மூளையழற்சியாக இருக்கலாம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையில் நரம்பு செல்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் ஒரு வகை உண்டு. 2007-இல் அடையாளம் காணப்பட்டது. இளம்பெண்களையே அதிகம் தாக்கும். சிலருக்குச் சினைப்பைக் கட்டியும் இருக்கும். முதுகுத்தண்டு நீர்ச் சோதனை, வயிற்று ஸ்கேன் இரண்டும் தேவைப்படும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள். கோயிலில் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. வண்டி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

கேள்வி: மூளையில் டிரிப்டோபன் என்ற புரதக்கூறு குறைவதால்தான் மனச்சிதைவு நோய் என்று ஒருவர் சொல்லி, 500 மில்லிகிராம் மாத்திரை விற்கிறார். தம்பிக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டிரிப்டோபன் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எந்தப் பாதையில் போகிறது என்பதுதான் இங்கே விஷயம். நாம் சாப்பிடும் டிரிப்டோபனில் மிகச் சிறிய பங்குதான் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் ஆகிறது. உடம்பின் புரதத் தேவை போக உடைபடுவதில் ஏறத்தாழ 95 விழுக்காடு கைனுரெனின் என்ற பொருளாக மாறும் பாதையில் போகிறது. உடம்பில் அழற்சி இருந்தால், இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞை ஐ.டி.ஓ. நொதியைத் தூண்டி அந்தப் பாதையை இன்னும் அகலமாகத் திறந்துவிடும். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல், ஈரலில் உள்ள இன்னொரு நொதியைத் தூண்டி அதே வேலையைச் செய்யும்.

கைனுரெனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகக்கூடியது. அங்கே நரம்பு செல்களைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதைக் கைனுரெனிக் அமிலமாக்கும். மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா அதைக் குவினோலினிக் அமிலமாக்கும். பின்னது நரம்பு செல்லைக் கிளறி நச்சாகும். முன்னது என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும். கெட்டமின் என்ற மயக்க மருந்தும் அதே ஏற்பியைத்தான் அடைக்கிறது, நல்ல உடம்புக்காரருக்கும் சிறிது நேரம் மனச்சிதைவு போன்ற நிலையை உண்டாக்குகிறது. மனச்சிதைவு உள்ளவர்களின் முதுகுத்தண்டு நீரில் கைனுரெனிக் அமிலம் கூடியிருப்பதை 2001-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் எல்லா நோயாளிகளிடமும் அழற்சி இல்லை, ஒரு பகுதியினரிடம்தான். அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தச் சோதனையை வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

மாத்திரையாக டிரிப்டோபனைக் கொட்டினால் கைனுரெனினும் சேர்ந்து ஏறும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் செரோடோனின் அளவு மீறி நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். 1989-இல் அமெரிக்காவில் கலப்படமான டிரிப்டோபன் மாத்திரையால் 1,500-க்கும் மேற்பட்டவர்கள் தசைவலி நோய்க்கு ஆளானார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 240 மில்லிகிராம் போதும். இரண்டு முட்டையும் ஒரு கிளாஸ் பாலும் அதைத் தந்துவிடும். மாத்திரைக் காசை ஈறு வீக்கம், சொத்தைப் பல், ஆறாத கால்புண், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பதில் செலவழியுங்கள். அழற்சி ஒளிந்திருக்கும் இடங்கள் அவை.

கேள்வி: மனச்சிதைவுக்குக் குளோசாபின் மாத்திரை சாப்பிடும் அண்ணன் வார்டில் நன்றாக இருந்தார். வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் மறுபடியும் குரல் கேட்கிறது. மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

பதில்: சிகரெட்டை மறுபடி தொட்டாரா என்று கேளுங்கள். புகையில் உள்ள தார்ப் பொருட்கள் ஈரல் நொதியை முடுக்கி மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். நிக்கோட்டின் இதற்குக் காரணமில்லை. புகையை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் இரத்தத்தில் மருந்தளவு 50 விழுக்காடுகூட ஏறலாம். காய்ச்சல், நுரையீரல் தொற்று வந்தாலும் அழற்சி அந்த நொதியை முடக்கி மருந்தை ஏற்றும். நிறைய கோப்பி குடித்தாலும் ஏறும். பெண்களில் அந்த நொதி பொதுவாக மெதுவாக வேலை செய்வதால் அதே அளவு மாத்திரை அவர்களுக்குக் கூடுதலாகப் படும். எச்சில் வடிதல், அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு ஆகியவை அளவு மீறியதன் அடையாளங்கள். மூன்று நாளாக மலம் போகவில்லை என்றாலும் பொறுத்திருக்காதீர்கள். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மருந்தளவுச் சோதனைக்கு இரவு மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு இரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதனாலேயே பலர் அங்கே போகத் தயங்கி மருந்தை விடுகிறார்கள். 1911-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை உங்கள் ஊருக்குப் பக்கம்தான். அண்ணனின் புகைப்பழக்கத்தை மறைக்காமல், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று எழுதியே கொண்டுபோங்கள்.