கேரவனில் ஊர் திரும்பும் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எர்ணாகுளத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றுவிட்டேன். மனைவியுடனும், முழங்கால் வலியால் அவதிப்படும் என் தாயாருடனும் சொந்த ஊரான செங்கோட்டைக்கே குடிபெயர்கிறோம். பாலருவி விரைவு ரயிலில் ஏறினால் ஒரே இரவில் ஊர் சேர்ந்துவிடலாம். ஆனாலும் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, வழியிலுள்ள சிற்றூர்களில் தங்கித் தங்கிச் செல்ல ஆசைப்படுகிறோம். இது எங்களுக்கு ஒத்துவருமா? எந்த வழியாகச் செல்லலாம்?
— ஒரு வாசகர், எர்ணாகுளம்

பதில்: தாராளமாக ஒத்துவரும். கழிப்பறையும் படுக்கையும் கூடவே வருவதால், ஒவ்வொரு விடுதியிலும் படியேறி இறங்கும் சிரமம் உங்கள் தாயாருக்கு இராது. எனினும் வண்டி ஓடும்போது அவர் படுத்துக்கொண்டு வரலாம் என்று எண்ணிவிடாதீர்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் படுக்கையிலிருந்து தூக்கி எறியப்படும் ஆபத்து உண்டு. இருக்கையில் அமர்ந்து பெல்ட் அணிந்தே அவர் வர வேண்டும் என்பதால், ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதிருப்பது நல்லது. மொத்தத் தொலைவு 250 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதை மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூவாற்றுப்புழையிலிருந்து தொடுபுழா, பாலா, பொன்குன்னம், ரான்னி, பத்தனம்திட்டா, கோன்னி, பத்தனாபுரம் வழியாகப் புனலூர் செல்லும் மாநில நெடுஞ்சாலையையே நான் பரிந்துரைப்பேன். ரப்பர்த் தோட்டங்களும் ஆற்றுப் பாலங்களும் மாறி மாறி வரும் இச்சாலையில், எந்த ஊரும் அடுத்த ஊரிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. முதல் இரவுக்கு மீனச்சில் ஆற்றங்கரையிலுள்ள பாலா ஏற்றது. மறுநாள் கோன்னியில், பிடிபட்ட யானைகளைப் பழக்கப் பயன்பட்ட பழைய யானைக்கூட்டைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் புனலூரை அடையலாம். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபின் முதல் கேரவன் பூங்கா வாகமண்ணில்தான் அமைந்தது. அழகான இடமே; ஆனால் அதற்காக மலையேறி இறங்குவது உங்கள் தாயாரின் உடல்நிலைக்குத் தேவையற்ற அலைச்சல்.

புனலூரில் ஓர் இரவு கட்டாயம் தங்குங்கள். கல்லடையாற்றின் மீது ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் 1877-இல் அமைத்த தொங்குபாலம் அங்கே இருக்கிறது. வாகனங்கள் அதில் செல்வதில்லை, நடந்து போகலாம். ஆற்றின் மேல் மரப் பலகைகளில் நின்று காற்று வாங்கும் சுகம், மலைச்சாலையில் ஏறுவதற்கு முன் நல்ல இளைப்பாறுதல்.

அங்கே தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புனலூரைத் தாண்டியதும் தென்மலை, ஆரியங்காவு வழியாகக் காட்டுச் சாலை தொடங்கிவிடுகிறது. இந்தப் பகுதியை இரவில் கடக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தமிழகத்திலிருந்து கல்லும் மணலும் ஏற்றி வரும் கனரக லாரிகள் எதிரே வந்துகொண்டே இருக்கும். கோட்டைவாசல் கருப்பசாமி கோவிலருகே உள்ள எஸ் வளைவில் பெரிய வண்டிகள் இரண்டு ஒன்றையொன்று கடப்பதே கடினம். காட்டுப் பகுதியில் சாலையோரம் வண்டியை நிறுத்தி உறங்குவதும் கூடாது. காலையில் புறப்பட்டால், கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் ரயில் பாலத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம் – செங்கோட்டைப் பாதையைச் சேர்ந்தது அது. ஆரியங்காவு சாஸ்தா கோவிலில் நடை சாத்துவதற்கு முன்பே தரிசனமும் செய்துவிடலாம். பாலருவி நீர்வீழ்ச்சிக்கு உங்கள் வண்டியில் போக முடியாது. நுழைவாயிலிலிருந்து வனத்துறை வண்டியில்தான் செல்ல வேண்டும்.

மலைப்பாதைக்கு முன் தண்ணீர்த் தொட்டியைப் பெருமளவு காலி செய்துவிடுங்கள். 100 லிட்டர் என்பது 100 கிலோ கூடுதல் சுமை. புளியரைக்கு இறங்கும் சரிவில் ஓட்டுநர் தாழ்ந்த கியரிலேயே வர வேண்டும்; பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். வாடகை வண்டி மாநில எல்லையைக் கடப்பதால், அகில இந்திய சுற்றுலா அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: இரவில் எங்கே நிறுத்துவது? கழிவுநீரை என்ன செய்வது?
— ஒரு வாசகி, புனலூர்

பதில்: பரந்த வளாகமுள்ள விடுதியில் முன்கூட்டியே பேசி, மின் இணைப்போடு இடம் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பானது. எஞ்சினை ஓடவிட்டு இரவெல்லாம் குளிர்சாதனம் போடுவது, நச்சுப்புகை உள்ளே புகும் அபாயத்தை அழைப்பதாகும். கழிப்பறைத் தொட்டியை அந்த விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில், உரிமையாளரின் சம்மதத்துடன் மட்டுமே காலி செய்யுங்கள். மீனச்சிலிலும் கல்லடையிலும் மக்கள் குளிக்கிறார்கள், குடிநீர் எடுக்கிறார்கள். அந்த ஆறுகளில் ஒரு வாளி கழிவு கலந்தாலும் அது பெரும் அநீதி.

கேள்வி: கேரவனிலேயே சமைத்துக்கொண்டு போகலாமா?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: வண்டி நின்ற பிறகு சமைக்கலாம், புறப்படும் முன் எரிவாயு உருளையின் வால்வை மூடிவிட வேண்டும். கஞ்சி, வெந்நீர், மருந்துக்கான பால் இவற்றோடு நிறுத்திக்கொண்டு, மற்ற வேளைகளில் அந்தந்த ஊர்க் கடைகளில் சாப்பிடுங்கள். கடைசி நாள் செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட எண்ணினால், மாலை நெரிசலில் நீண்ட வண்டியைத் திருப்ப இடம் கிடைக்காது. வண்டியைச் செங்கோட்டையில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் செல்லுங்கள்.